கீனாய் ஆற்றில் கைடோடு ஃப்ளை ஃபிஷிங்: சால்மனுக்கு எந்த வாரம், டிரவுட்டுக்கு எந்த வாரம்?

கேள்வி இதுதான்: "ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் அலாஸ்கா போகிறோம். கீனாய் ஆற்றில் ஒரு கைடை அமர்த்திக்கொண்டு இரண்டு நாள் ஃப்ளை ஃபிஷிங் செய்ய ஆசை. சால்மன், டிரவுட் இரண்டும் வேண்டும். இதுவரை தக்கை போட்டு, இரை மாட்டிப் பிடித்த பழக்கம் மட்டும்தான். எந்த நாள்களைத் தேர்ந்தெடுப்பது? என்ன கற்றுக்கொண்டு போவது? கைடிடம் என்ன கேட்பது?"

முதலில் நேரடியான பதில். டிரவுட்தான் முக்கியம் என்றால் ஆகஸ்ட் இரண்டாம் பாதி. சாப்பிடச் சால்மன் வேண்டும் என்றால் ஜூலை கடைசி இரண்டு வாரம். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்துக்குள் போங்கள். ஏன் இப்படி வாரக் கணக்கில் சொல்கிறேன் என்பது புரிந்துவிட்டால், மீதிக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கீனாய் ஆறு கீனாய் ஏரியில் புறப்பட்டு 82 மைல், அதாவது சுமார் 132 கிலோமீட்டர் ஓடி, குக் இன்லெட் என்ற கடற்கழியில் சேருகிறது. நடுவில் ஸ்கீலாக் என்ற பெரிய ஏரி குறுக்கிடுகிறது. அந்த ஏரிக்கு மேலே இருக்கிற சுமார் 17 மைலைத்தான் மேல் கீனாய் என்கிறார்கள். ஃப்ளை ஃபிஷிங்குக்கு நீங்கள் போக வேண்டிய இடம் அதுதான். அங்கே துடுப்புப் படகில் ஆற்றோடு மிதந்து போய்த்தான் மீன் பிடிப்பார்கள். கீழே சோல்டாட்னா பக்கம் மோட்டார் படகுகளும் கூட்டமும் அதிகம். மேல் கீனாயின் தொடக்கத்தில் கூப்பர் லேண்டிங் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆங்கரேஜிலிருந்து சாலை வழியாகச் சுமார் 100 மைல், இரண்டு மணி நேரப் பயணம். தண்ணீர் பனிப்பாறைகளிலிருந்து வருகிறது. பனிப்பாறை அரைத்த கல்மாவு தண்ணீரிலேயே மிதப்பதால் ஆறு முழுக்க நீலப்பச்சையாக இருக்கும். படத்தில் பார்த்து, நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தால், இல்லை, நேரிலும் அதே நிறம்தான்.

இப்போது மீனுக்கு வருவோம். கீனாயில் கோடையில் மிக அதிகமாக வருவது சாக்கை சால்மன். குஞ்சாக ஒன்றிரண்டு வருடம் ஏரியில் வளர்ந்து, கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் கழித்து, சினையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது. சினையிட்டதும் செத்துவிடும். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு அது சாப்பிடுவதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே மேலே ஏறுகிறது. கடலில் இருந்தபோதும் அதன் சாப்பாடு பெரும்பாலும் மிதவை உயிரிகளும் சிறு இறால் வகைகளும்தான். பெரிய இரையைத் துரத்திக் கவ்வும் மீன் இல்லை அது. அப்படிப்பட்ட மீன் உங்கள் ஃப்ளையை, அதாவது முள்ளில் இறகு கட்டிச் செய்த போலி இரையை, ஏன் கவ்வ வேண்டும்?

உண்மை என்னவென்றால், பெரும்பாலும் கவ்வுவதில்லை. கரையோரமாகச் சாக்கை கூட்டம் வரிசையாக ஏறும்போது, முள்ளுக்கு முன்னால் ஈயக்குண்டு கட்டிய தங்கூசி ஓட்டத்துக்குக் குறுக்கே இழுபட்டு வரும். மூச்சுக்காகத் திறந்து மூடும் வாய்க்குள் தங்கூசி நுழைந்து, வழுக்கிக்கொண்டே போய், முள் வாயோரத்தில் மாட்டும். சாக்கையில் பெரும்பகுதி இப்படித்தான் பிடிபடுகிறது. சட்டப்படி வாயில் மாட்டிய மீனை வைத்துக்கொள்ளலாம். முதுகிலோ வாலிலோ மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். வேண்டுமென்றே உடம்பில் மாட்டி இழுப்பது குற்றம்.

இதைச் சில கைடுகள் வெளிப்படையாகச் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். என் கருத்து: சாக்கை நல்ல சாப்பாட்டு மீன், இழுத்துப் போராடுவதிலும் அதற்கு நிகர் குறைவு. குடும்பத்தோடு போய் நாலு மீன் பிடித்து, சுத்தம் செய்து, உறைய வைத்து எடுத்து வருவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஃப்ளை ஃபிஷிங்கின் சுவையே மீன் ஏமாந்து தானாக வந்து வாங்குவதில்தான் இருக்கிறது. அது சாக்கையிடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் மனம் சலித்துவிடும். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால், இரண்டையும் சாக்கைக்கே கொடுத்துவிடாதீர்கள்.

சாக்கை பிடிக்கும் நாளுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, எங்கே நிற்பது என்பது. ஓட்டம் வேகமான ஆற்றில் மீன் சக்தியை மிச்சம் பிடிக்க, ஓட்டம் குறைந்த கரையோரத்தையே பிடித்து ஏறும். முழங்கால் ஆழம், சில இடத்தில் அதற்கும் குறைவு. புதிதாக வருபவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, எட்டாத தூரத்துக்கு வீசுவார். மீன் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் கிடைக்காது. கைடு "கரைக்கு வாங்க" என்றால் உடனே வந்துவிடுங்கள். 8 எண் ராடும், அதாவது சற்றுக் கனமான தூண்டில் கழியும், 20 பவுண்டு இழுப்பையாவது தாங்கும் தங்கூசியும் வேண்டும். மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் போராட விடுவது மீனுக்கும் நல்லதில்லை, வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கும் தொந்தரவு.

சாக்கை வரவு இரண்டு அலையாக இருக்கும். ரஷ்யன் ஆறு என்ற கிளை ஆறு மேல் கீனாயில் கலக்கும் இடத்தை நோக்கி முதல் அலை ஜூன் மாதத்தில் வரும். அங்கே சாக்கை பிடிக்க ஜூன் 11 முதல் ஆகஸ்ட் 20 வரை அனுமதி. இரண்டாவது அலைதான் பெரியது. ஜூலை நடுவில் ஆற்றுக்குள் திரளாக நுழைந்து, ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் மேல் பகுதிக்கு வந்து சேரும். நல்ல வசதி என்னவென்றால், மாநில மீன், வனவிலங்குத் துறை ஆற்று வாயிலிருந்து 19 மைல் தொலைவில் சோனார் என்ற ஒலியலைக் கருவி வைத்து ஏறும் மீன்களைக் கணக்கிடுகிறது. இரண்டாவது அலைக்கான கணக்கு ஜூலை 1 முதல் தினமும் இணையத்தில் வரும். எண்ணிக்கை திடீரென்று எகிறிய நாளிலிருந்து சில நாள் கழித்து அந்தக் கூட்டம் கூப்பர் லேண்டிங் பக்கம் வந்துசேரும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் அதைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற சால்மன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிங் எனப்படும் சினூக் சால்மனுக்குத்தான் கீனாய் உலகப் புகழ் பெற்றது. 1985 மே 17 அன்று லெஸ் ஆண்டர்சன் இங்கே பிடித்த 97 பவுண்டு 4 அவுன்ஸ் கிங்தான் இன்றும் தூண்டில் சாதனை. ஆனால் அந்த இனத்தின் வரவு மோசமாகக் குறைந்துவிட்டது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று கோடையிலும் கீனாயில் கிங் பிடிக்கத் தடை இருந்தது. கிங் ஆசையோடு போகாதீர்கள். யாராவது கிங் காட்டி விளம்பரம் செய்தால் அது எந்த வருடத்துப் படம் என்று கேளுங்கள். பிங்க் சால்மன் இரட்டைப்படை வருடங்களில் ஆகஸ்டில் ஏராளமாக வரும், ஒற்றைப்படை வருடத்தில் பெயருக்குத்தான். சிறிய மீன்தான், ஆனால் ஃப்ளையைத் துரத்தி வந்து கவ்வும். முதல் முறை ஃப்ளை பிடிப்பவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கோஹோ ஆகஸ்டில் வரத் தொடங்கி செப்டம்பர் வரை தொடரும். ஓட்டம் குறைந்த மடுவில் ஒதுங்கி நிற்கும். பளபளப்பான ஃப்ளையை நிறுத்தி நிறுத்தி இழுத்தால் பின்னாலேயே வந்து அடிக்கும். சால்மன் ஃப்ளையைத் துரத்தி அடிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கோஹோதான் உங்கள் மீன்.

சரி, இனி டிரவுட். எனக்கு மேல் கீனாய் என்றாலே ரெயின்போ டிரவுட்தான்.

மேல் கீனாயின் ரெயின்போக்கள் கடலுக்குப் போவதில்லை. வருடம் முழுக்க ஆற்றிலும் ஏரியிலும் இருக்கின்றன. ஆனால் பனிப்பாறைத் தண்ணீர் அவ்வளவு வளமானது இல்லை. அந்தக் குளிர்ந்த, கலங்கிய நீரில் 60, 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு டிரவுட் எப்படி வளர்கிறது? சால்மனால்தான். உழும் ஏருக்குப் பின்னால் கொக்கு நடந்து புழு பொறுக்குவதுபோல், சினையிடும் சால்மனுக்குப் பின்னால் டிரவுட் வந்து நிற்கும். ஒரு பெண் சாக்கை சுமார் 3,000 முட்டை இடும். வாலால் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்து, அதில் முட்டையிட்டு மூடும். அடுத்து வரும் மீன் அதே இடத்தைக் கிளறும்போது முந்தைய முட்டைகள் வெளியே வந்து ஓட்டத்தில் உருளும். அந்த முட்டைக்காகத்தான் டிரவுட்டும், டாலி வார்டன் என்ற இன்னொரு மீனும் கீழே வரிசை பிடித்து நிற்கின்றன. முட்டை முடிந்ததும், செத்த சால்மனின் சதை துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். அதையும் சாப்பிடும். கடலில் சேர்ந்த கொழுப்பும் தழைச்சத்தும் இப்படித்தான் மலை நடுவில் இருக்கிற ஆற்றுக்கும் கரையோரக் காட்டுக்கும் வந்து சேருகின்றன.

ஆக, சால்மன் சாப்பிடாமல் வருகிறது, டிரவுட் அதையே சாப்பிட்டு வளர்கிறது. நீங்கள் இரண்டு மீன், இரண்டு பயணம் என்று பிரித்து யோசிக்கிறீர்கள். ஆற்றில் இரண்டும் ஒரே கதை. சால்மன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த வாரம் டிரவுட் எங்கே நிற்கும், எதைத் தின்னும் என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 11 அன்று மேல் கீனாய் திறக்கும். டிரவுட் சினையிடும் காலம் என்பதால் மே 2 முதல் ஜூன் 10 வரை அங்கே மீன்பிடிப்பே கிடையாது. திறக்கும் நேரத்தில் கடலுக்கு இறங்கும் சால்மன் குஞ்சுகளும், கல்லடியில் வாழும் ஸ்கல்பின் என்ற சிறு மீன்களும் டிரவுட்டுக்கு உணவு. அதைப்போல் கட்டிய நீளமான ஃப்ளை வேலை செய்யும். ஜூலையில் நிலைமை கொஞ்சம் குழப்பம். சாக்கை ஏறிக்கொண்டிருக்கும், இன்னும் முட்டையிடவில்லை. டிரவுட் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். ஆகஸ்டில் சினையிடுதல் ஆரம்பித்ததும் ஆறே மாறிவிடும். சிதறிக் கிடந்த டிரவுட்கள் சால்மன் இருக்கிற சரளைத் திட்டுகளுக்குக் கீழே கூடிவிடும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வெளிர் நிறச் சதைத் துண்டுபோல் முயல் தோலில் கட்டிய ஃப்ளையும் சேர்ந்துகொள்ளும். இதனால்தான் டிரவுட்டுக்கு ஆகஸ்ட் இரண்டாம் பாதி என்றேன்.

முட்டைக் காலத்தில் பயன்படுத்துவது இறகு கட்டிய ஃப்ளைகூட இல்லை, ஒரு சிறிய பிளாஸ்டிக் மணி. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு, நான் அவர்களில் ஒருவன் இல்லை. இந்த மணியில் இருக்கிற நுணுக்கம் அதிகம். சாக்கை முட்டைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர், கிங் முட்டைக்கு 10 மில்லிமீட்டர். புது முட்டை ஒளி ஊடுருவும் ஆரஞ்சு. செத்த முட்டை பால் கலந்ததுபோல் வெளுத்துப் போகும். ஒரே நாளில் காலையில் ஒரு நிறம், மதியம் வேறு நிறம் எடுபடுவது சாதாரணம். கைடு தன் பெட்டியைத் திறக்கும்போது, ஒரே ஆரஞ்சில் பத்து வகை இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். மணியை முள்ளிலிருந்து 2 அங்குலத்துக்குள் நிலையாகப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் நரம்பில் தாராளமாக நகரும்படி விட வேண்டும் என்பது மாநில விதி. மணி முள்ளிலிருந்து இதைவிடத் தள்ளி இருந்தால், மீன் மணியைக் கவ்வும்போது முள் கண்ணிலோ செவுளிலோ குத்தும். அதற்காக வந்த விதி இது. விதி அனுமதிக்கிற முழுத் தூரத்துக்குப் போகாமல் இன்னும் நெருக்கமாகக் கட்டும் கைடு என்றால் எனக்கு மரியாதை கூடும்.

கைடு உண்மையில் என்ன செய்கிறார் என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மீன் இருக்கும் இடத்தைக் காட்டுபவர் என்று நினைக்கிறார்கள். அது ஒரு சிறு பகுதிதான். மிதவைப் படகில் அவர் முகம் ஆறு போகும் திசையில் இருக்கும். ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலித்துக்கொண்டே, படகை ஓட்டத்தைவிடச் சற்று மெதுவாகவோ, அதே வேகத்திலோ நழுவ விடுவார். முட்டை ஓட்டத்தின் வேகத்தில்தான் உருண்டு வரும். உங்கள் மணி அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால் டிரவுட் கண்டுகொள்ளாது. படகும், லைனில் தக்கைபோல் கட்டிய மிதவையும், மணியும் ஒரே வேகத்தில் போகும்படி வைத்திருப்பது கைடின் தோளும் துடுப்பும். நீங்கள் இருபது அடி வீசினாலே போதும், மீதியை அவர் செய்துவிடுவார். முதல் முறை போகிறவர் கரையிலிருந்து தானே முயல்வதைவிடப் படகில் போவது எத்தனையோ மடங்கு பலன் தருவது இதனால்தான்.

நீங்கள் கற்றுக்கொண்டு போக வேண்டியது குறைவு, ஆனால் அவசியம். சாதாரணத் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது, ஈயமோ இரையோ நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் எடை நரம்பிலேயே இருக்கிறது. தடித்த ஃப்ளை லைனை வீசுகிறோம், எடையில்லாத ஃப்ளை அதன் பின்னால் போகிறது. அதனால் வேகமாக உதறினால் ஒன்றும் நடக்காது. பின்னால் கொண்டு போய் நிறுத்தி, லைன் நீளும்வரை பொறுத்து, முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். புல்தரையில் ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம் பழகினால் கைக்கு வந்துவிடும். கூடவே ரோல் காஸ்ட் கற்றுக்கொள்ளுங்கள், அதாவது லைனைப் பின்னால் பறக்க விடாமல் தண்ணீரிலிருந்தே உருட்டி முன்னால் போடுவது. கரையெல்லாம் ஆல்டர் புதர் என்பதால், இறங்கி நின்று பிடிக்கும்போது பெரும்பாலும் இதுதான் உதவும்.

அதைவிட முக்கியம் மெண்டிங். உங்களுக்கும் மிதவைக்கும் நடுவில் இருக்கிற ஓட்டம் வேகமாக இருந்தால், லைன் வில்போல் வளைந்து மிதவையை இழுத்துவிடும். ராடு நுனியைத் தூக்கி, லைனை ஓட்டம் வரும் திசைக்கு எடுத்துப் போட்டால் இழுப்பு நின்றுவிடும். நாள் முழுக்கக் கைடு சொல்லப்போகிற வார்த்தை இதுதான். மிதவை சற்றே தயங்கினாலும் உடனே இழுக்க வேண்டும், கல்லாகத்தான் இருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. இழுப்பது மேல்நோக்கி அல்ல, ஆறு போகும் திசையில் பக்கவாட்டாக. டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால், அப்படி இழுத்தால் முள் வாயோரத்தில் அமரும். மேலே தூக்கினால் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தக்கை போட்டுப் பழகிய கை தானாக மேலேதான் தூக்கும், அதை மாற்றிக்கொள்ளத்தான் உங்களுக்கு நேரமாகும்.

மீன் மாட்டி ஓட ஆரம்பித்ததும் ரீல் கைப்பிடியை விட்டுவிடுங்கள். அது ஓடட்டும். பிடித்து நிறுத்தினால் நரம்பு அறுந்துவிடும், விரலிலும் அடிபடும். நின்றதும் சுற்றுங்கள், திரும்ப ஓடினால் திரும்ப விடுங்கள்.

பிடித்த டிரவுட்டை விட்டுவிடுங்கள். மேல் கீனாயில் 16 அங்குலத்துக்குக் குறைவான ஒரே ஒரு ரெயின்போவைத்தான் ஒரு நாளில் வைத்துக்கொள்ள முடியும். அதையும் பெரும்பாலோர் எடுப்பதில்லை. இந்த ஆற்றில் பெரிய டிரவுட் இருப்பதற்கு அந்த விதியும் பழக்கமும் முக்கியக் காரணம். ரப்பர் வலை, நனைத்த கை, எதிர்முள் நீக்கிய தூண்டில் முள், மீன் தண்ணீரிலேயே இருக்கும்போது முள்ளைக் கழற்றுவது, இவை நான்கும் இருந்தால் போதும். படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி எண்ணும் நேரத்துக்குள் தூக்கி எடுத்து இறக்கிவிடுங்கள். செவுளில் விரல் விடவே கூடாது.

அப்புறம் ஒரு விஷயத்தில் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். ஆகஸ்டில் ஆழமில்லாத சரளைத் திட்டில் சிவந்த உடலும் பச்சைத் தலையுமாகச் சாக்கை ஜோடிகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். பாசி நீங்கிச் சுத்தமாகத் தெரியும் கல் பரப்பு முட்டைப் படுக்கை. அதில் நடந்தால் முட்டைகள் நசுங்கும். சினையிடும் சால்மன் மேலேயே வீசுவதும் வேண்டாம், முள் அதன் உடம்பில்தான் மாட்டும். டிரவுட் எப்படியும் அவற்றுக்குக் கீழ்ப்பக்கம்தான் நிற்கிறது, அங்கே வீசினால் போதும். படகை அப்படி ஒதுக்கி ஓட்டுகிற கைடை, வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தேர்ந்தெடுங்கள்.

முன்பதிவு செய்யும் முன் கைடிடம் கேட்க வேண்டியது, எத்தனை மீன் கிடைக்கும் என்பது அல்ல. "இந்தத் தேதியில், மேல் கீனாயில், நீங்கள் எதைத் தேடிப் போவீர்கள்? எந்த முறையில்?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் நல்லது. எந்தத் தேதி சொன்னாலும் எல்லா மீனும் கிடைக்கும் என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். படகில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஃப்ளைக்கு ஒரு படகில் இரண்டு பேர் இருந்தால் வசதி, மூன்று பேர் என்றால் நடுவில் இருப்பவர் பெரும்பாலும் காத்திருக்க வேண்டிவரும். நீங்கள் புதியவர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ராடு, ரீல், வேடர்ஸ் எனப்படும் மார்பு உயர நீர்புகாக் காற்சட்டை எல்லாம் தருகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் தருவார்கள். படகுப் பயணம் ஜிம்ஸ் லேண்டிங் துறையோடு முடிகிறதா, அதற்குக் கீழே இருக்கிற குறுகிய பள்ளத்தாக்கு வழியாக ஸ்கீலாக் ஏரி வரை போகிறதா என்பதும் தெரிய வேண்டும். பள்ளத்தாக்கில் பாய்ச்சல்கள் உண்டு, ஏரியில் காற்று எழும்பினால் ஆபத்து. குழந்தைகளோடு போகிறவர்கள் ஜிம்ஸ் லேண்டிங்கோடு முடித்துக்கொள்வது நல்லது. நாள் முடிவில் கைடுக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் தனியாகக் கொடுப்பது அங்கே வழக்கம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் கைடின் பொறுப்பு அல்ல, உங்களுடையது. 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளியூர்க்காரர் ஒவ்வொருவரும் மாநில மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும். ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள், பதினான்கு நாள் என்று கிடைக்கிறது, இணையத்திலேயே வாங்கலாம். மேல் கீனாயில் இரை மாட்டவே கூடாது, ஒற்றை முள் செயற்கைத் தூண்டில் மட்டும்தான். ரஷ்யன் ஆறு கலக்கும் இடத்தில் விதி இன்னும் இறுக்கம். அங்கே சால்மன் காலத்தில் ஃப்ளை மட்டும்தான். முள்ளின் வாய் அகலம் 3/8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஈயக்குண்டு ஃப்ளையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். சாக்கைக்கு வழக்கமான எல்லை ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று. வரவு நன்றாக இருந்தால் கூட்டுவார்கள், மோசமாக இருந்தால் மூடியும் விடுவார்கள். அவசர ஆணையாக இது பருவத்தின் நடுவிலேயே வரும். போகிற நாள் காலையில் துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கரடியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சால்மன் இருக்கிற இடத்தில் பழுப்புக் கரடி இருக்கும், ரஷ்யன் ஆற்றுப் பக்கம் நிச்சயம் இருக்கும். பையையும் பிடித்த மீனையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள், கரையில் போட்டுவிட்டுத் தள்ளிப் போகாதீர்கள். மீன் மாட்டியிருக்கும்போது கரடி வந்தால் நரம்பை அறுத்துவிட்டுப் பின்வாங்குங்கள். மீன் கழிவைத் துண்டாக்கி வேகமான ஓட்டத்தில் வீச வேண்டும், கரையோரம் விடக் கூடாது. கூட்டமாக, பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் கரடியே ஒதுங்கிப் போய்விடும்.

தண்ணீர் கோடையிலும் கடும் குளிர். வேடர்ஸுக்கு உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளியோ ஃப்ளீஸோ போடுங்கள். ஆகஸ்டில் மழை அதிகம், நல்ல மழைக்கோட்டு கட்டாயம். போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். தண்ணீருக்குள் மீன் தெரிவது ஒரு பக்கம், காற்றில் திரும்பி வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பது இன்னொரு பக்கம்.

உங்கள் இரண்டு நாளை நான் திட்டமிட்டால் இப்படி வைப்பேன். ஆகஸ்ட் 8க்கும் 15க்கும் நடுவில் அடுத்தடுத்த இரண்டு நாள், ஒரே கைடோடு. முதல் நாள் முழுக்கப் படகில் டிரவுட். இரண்டாம் நாள் காலை ரஷ்யன் ஆறு கலக்கும் இடத்துக்குக் கீழே கரையில் நின்று சாக்கை. அந்த நேரத்தில் சாக்கையில் சில நிறம் மாறத் தொடங்கியிருக்கும். சிவந்ததை விட்டுவிட்டு, வெள்ளியாக இருப்பதை மட்டும் எடுங்கள், சிவந்ததன் சதை வெளுத்து, மென்மையாகிப் போயிருக்கும். மதியத்துக்கு மேல் மறுபடியும் படகு, இரட்டைப்படை வருடமாக இருந்தால் வழியில் பிங்க் இருக்கிற மடுவில் நிறுத்தச் சொல்லலாம். முதல் நாள் டிரவுட்டை வைத்ததற்குக் காரணம், மெண்டிங்கும் பக்கவாட்டு இழுப்பும் அன்றைக்குப் பழகிவிட்டால் இரண்டாம் நாள் முழுவதும் பயன்படும். சாக்கையில் தொடங்கினால் ஓங்கி இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நல்ல கைடுகளின் ஆகஸ்ட் நாள்கள் மாதக் கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும், அதனால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் கைடின் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.